பெற்றோருக்கு அனுப்புவது தர்மமா, கடனா?

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நம்மவரில் பலருடைய தாய் தந்தையர் கடையநல்லூரிலும் நாகூரிலும் இராமநாதபுரத்துச் சீமையிலும் இருக்கிறார்கள். நாம் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அதைக் கணக்கில் தர்மம் என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா? சகோதரர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

சரக்குப் பாக்கி, கடை வாடகை, ஆட்சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போக மிஞ்சியதைத்தான் பலர் ஊருக்கு அனுப்புகிறோம். வியாபாரம் மந்தமானால் முதலில் குறைவதும் அதுவே. மொத்த வியாபாரி தவணை தவறினால் ஆள் அனுப்புவார், தாய் அனுப்பமாட்டாள். சிங்கப்பூரில் 1995-லும் இந்தியாவில் 2007-லும் வந்த சட்டங்கள், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோரும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்தன. ஆனால் எத்தனை தாய்மார் மகன்மேல் மனுப் போடுவார்கள்? கேட்காதவருடைய பாக்கி பாக்கி இல்லையென்று ஆகிவிடுமா?

மார்க்கச் சட்டம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பது வசதியுள்ள பிள்ளையின்மேல் கடமை. அப்படிக் கடமைப்பட்டவன், அவர்களை ஏழைகள் என்று கருதித் தன் ஜக்காத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு கடனை அடைத்துவிட்டு அதையே தர்மமென்று எழுதிக்கொள்ள முடியாதல்லவா?

நாம் மறைந்த பிறகும் அவர்கள் உரிமை நிற்கிறது. மகனை விட்டு ஒருவர் இறந்தால், உயிரோடிருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் சொத்தில் தலா ஆறில் ஒரு பங்கு உண்டு. ஊழியர் சேமநிதியிலும் இதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் உறுப்பினர் அங்கே எழுதிவைக்கும் பெயருக்குரியவர் பணத்தின் சொந்தக்காரர் அல்லர். வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே. மனைவி பெயரை எழுதியதால் எல்லாம் அவளுக்கே என்று எண்ணுவது தவறு. பெற்றோரின் பங்கை அவளுக்கு இன்றே சொல்லிவைப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. நாம் இங்கிருந்து பணம் அனுப்ப, ஊரில் இரவில் எழுந்து மருந்து கொடுப்பவர்கள் தம்பியும் அவன் மனைவியும். அந்த உழைப்பை நாம் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. "நான்தானே செலவு செய்கிறேன்" என்று அவர்களிடம் பேசுவது நியாயமாகாது. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் ஊர் போய்ச் சேரப் பல நாட்கள் ஆயின. இன்று திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரந்தான். பணம் அனுப்பிவிட்டோம் என்பது போகாமலிருக்கக் காரணமாகாது.

ஆகவே மாதம் பிறந்ததும் பெற்றோருக்குரிய தொகையைக் கடை வாடகைக்கு முன் எடுத்து வைப்போம். ஊரில் உடனிருந்து பார்ப்பவருக்கும் ஒரு தொகை குறிப்போம். வருஷத்தில் ஒரு பயணத்துக்கான செலவையும் அதே ஏட்டில் முன்கூட்டியே எழுதுவோம். வியாபாரம் பெருகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். தாய் தந்தையரின் வயது நம் இலாபத்துக்காகக் காத்திருக்காது.