அறிந்தும் பொறுத்தவன்

ஆங்கிலத்தில் 'விட்டல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. இன்று வழக்கொழிந்து அகராதியில் மட்டும் உறங்குகிறது. மனைவியின் பிறழ்வை அறிந்தும் பொறுத்திருக்கும் கணவனுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது. அறியாமல் ஏமாந்தவனைக் குயிலோடு தொடர்புபடுத்திக் 'கக்கோல்டு' என்றனர். அச்சொல்லின் தலையை நீக்கிவிட்டு, 'அறிதல்' எனப் பொருள்படும் 'விட்' என்பதை அங்கே வைத்தபோது, 15ஆம் நூற்றாண்டில், இச்சொல் பிறந்தது. அறியாதவன் நகைப்புக்குரியவன், அறிந்தவனோ இகழ்ச்சிக்குரியவன். 'தய்யூஸ்' என்னும் அரபுச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விகழ்ச்சி புதிதன்று.

எனினும், அறிந்து பொறுப்பவர் அனைவரும் ஒரே தரத்தினர்தாமா?

தாமஸ் மிடில்டன் 1613ஆம் ஆண்டளவில் எழுதிய 'சீப்சைடின் கற்புடைய கன்னி' நாடகத்தில் ஆல்விட் என்பவன் வருகிறான். அவன் பெயரே இச்சொல்லைப் புரட்டிப் போட்டதுதான். அவன் வீட்டுச் செலவு முழுவதையும் ஒரு பிரபு ஏற்கிறார், பிள்ளைகளும் அவருடையவையே. உழைப்பும் இல்லை, பொறாமையும் இல்லை என்று ஆல்விட் உள்ளம் பூரிக்கிறான். அந்தப் பிரபு வேறொருத்தியை மணக்க முனைகையில்தான் அவனுக்குப் பதைப்பு உண்டாகிறது. மானம் போகிறதே என்றன்று, வருவாய் போகிறதே என்று! பிரபு காயமுற்று, கொலைப்பழியும் நொடிப்பும் சூழ்ந்து நிற்கும்போது, கணவனும் மனைவியுமாக அவரை வெளியே தள்ளுகிறார்கள். இவன் பொறுமையாளன் அல்லன், வணிகன்.

நாடகத்தை விடுவோம். 1782இல் சர் ரிச்சர்டு வொர்ஸ்லி என்பார், தம் மனைவியுடன் ஓடிப்போன கேப்டன் பிஸ்ஸெட்டிடம் 20,000 பவுன் இழப்பீடு கேட்டு லண்டனில் வழக்காடினார். மெய்ட்ஸ்டோன் ஊரில் மனைவி குளித்துக்கொண்டிருந்ததைக் காண அதே கேப்டனைத் தோளில் தூக்கிக் காட்டியவர் இவரே என்று சாட்சியம் வந்தது. ஜூரிகள் வழங்கிய இழப்பீடு ஒரே ஒரு ஷில்லிங். தாமே கதவைத் திறந்து வைத்தவருக்கு அதுவும் மிகுதி என்றே நமக்குப் படுகிறது. ஆனால் மனைவியை விலைமதிப்புள்ள உடைமையாக வைத்துப் பேரம் பேசிய அச்சட்டத்தில், அவள் தன் வாயால் சாட்சி சொல்லவும் இடமில்லை என்பதையும் மறப்பதற்கில்லை.

கேடு நிகழுமுன் இசைவது ஒன்று. நிகழ்ந்தபின் வருந்தித் திரும்பியவளை மன்னித்து ஏற்பது முற்றிலும் வேறு. முன்னதற்கு உடந்தை என்றும் பின்னதற்கு மன்னிப்பு என்றும் ஆங்கிலச் சட்டம் தனித்தனிப் பெயர் வைத்தது. தெருவின் நாவுக்கோ அந்த நுட்பம் எட்டவில்லை. மன்னித்தவனையும் விற்றவனையும் அது ஒரே சொல்லால் அடித்தது. குழந்தைகளை எண்ணி மன்னிக்க விழைந்த கணவன், மனைவியின் குற்றத்தைவிட அண்டை வீட்டாரின் சிரிப்புக்கே அஞ்சியிருப்பான்.

இன்னொன்றும் நம் கருத்தில் உறுத்துகிறது. கணவனின் பிறழ்வை அறிந்தும் பொறுத்த மனைவியை இகழ இத்தகைய சொல் ஒன்று வழங்கியதாக நாம் காணவில்லை. அவள் பொறுப்பது இயல்பெனவே கொள்ளப்பட்டது போலும். 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின்படி, மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவன் விலகப் போதுமானது. மனைவி விலக வேண்டுமாயின், கணவனின் பிறழ்வோடு கொடுமை போன்ற வேறொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். அவ்வேற்றுமை நீங்க 1923 வரை காத்திருக்க நேர்ந்தது.