பெருக்கமரத்துப் பூவும் ஞாயிறு உடுப்பும்



ஞாயிறு காலை. கோவிலில் முதல் மணி அடித்தாயிற்று. வீட்டில் அலுமாரி இன்னும் திறந்தபடியே கிடக்கிறது. "போன திருநாளுக்கும் இந்தச் சாரிதானே உடுத்தேன்?" என்கிறார் தாய். "இந்தச் சட்டையோடு வரமாட்டேன்" என்று மூலையில் நிற்கிறாள் மகள். தந்தை வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். கடைசி மணி அடிக்கும்போது முகத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பம் கோவிலுக்குள் நுழைகிறது. நம்மில் யார் வீட்டில் இது நடக்கவில்லை?

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கு ஒன்றில், ஆலயத்துக்கு வருவோர் நல்ல உடுப்போடு வரவேண்டும் என்று கடுமையாகப் பிரசங்கித்தேன். அடக்கமான உடையைத்தான் நான் கருதினேன். ஆனால் அடுத்த வாரம் முதல் ஒரு தாயைப் பூசையில் காணவில்லை. ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே அவர் சொன்னார்:

"நல்லதெண்டு இருக்கிறது ஒரு சாரிதான், சுவாமி. முந்தி ஒரு கிழமை நான் கட்டுவன், மறு கிழமை மகள் கட்டுவாள். நீங்கள் பிரசங்கத்தில சொன்ன பிறகு அதை அவளுக்கே விட்டிட்டன். நான் வீட்டில இருந்து செபமாலை சொல்லுறன்."

நான் தலை குனிந்து திரும்பினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. வழியிலே ஒரு பெருக்கமரம். அதன் கீழ் நின்ற சிறுவன் மேலே கையைக் காட்டினான். நீண்ட காம்பில் தலைகீழாய்த் தொங்கிய ஒரு வெண்ணிறப் பூ, என் கண்முன்னே இதழ் விரித்தது. கை அகலத்துக்கு ஐந்து இதழ்கள். நடுவிலே பந்துபோல் மகரந்தக் கற்றை.

"இதென்ன பூ, தம்பி?"

"பெருக்கம்பூ, சுவாமி. இரவிலதான் விரியும். நாளைக்கு வாடி விழுந்திடும்."

பள்ளிமுனையில் நிற்கும் பெரிய பெருக்கமரத்தை நாம் எல்லாரும் அறிவோம். அதன் அடியின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் இங்கு கொண்டுவந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. மரத்தை அறிந்த நான் அதன் பூவை அறியவில்லை. பகலெல்லாம் அதன் நிழலில் நிற்கிறோம். அது பூக்கும் வேளையில் நாம் வீட்டுக்குள் இருக்கிறோம். இருளில் பறக்கும் வௌவால்களே அதைத் தேடி வருகின்றன.

வயல்வெளி மலர்களைப் பாருங்கள் என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவிலே சொன்னார். அவை நூல் நூற்பதில்லை. ஆயினும் சாலமோன் அரசனும் அவற்றைப் போல் உடுத்தியதில்லை என்றார். அவர் காட்டிய பூ லீலியா, பாலஸ்தீன மேடுகளில் சிவப்பாய்ப் பூக்கும் வேறொரு காட்டுப்பூவா என்று அறிஞர் ஆராய்கின்றனர். எனக்கோ, மன்னாரில் அவர் போதித்திருந்தால் இந்தப் பூவையும் காட்டியிருப்பார் என்றே தோன்றுகிறது. ஒரே இரவுக்காக, எவரும் பாராத இடத்தில், இதனை இவ்வளவு அழகாய் உடுத்தியவர் தந்தையாகிய இறைவன். மனிதர் காணவேண்டும் என்பதற்காக அவர் உடுத்துவதில்லை. நாமோ மனிதர் காண்பதற்காகவே உடுத்துகிறோம். பிறர் உடுப்பையும் அளந்து பார்க்கிறோம்.

இந்தப் பார்வையைத்தான் யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். பகட்டாக உடுத்தவனுக்கு நல்ல இருக்கை, அழுக்கு உடுப்போடு வந்த ஏழைக்குக் காலடியில் இடம் என்று சபை நடந்துகொண்டால், அது நீதியற்ற தீர்ப்பு. அந்தத் தாய்க்கு நான் காலடியில்கூட இடம் கொடுக்கவில்லை, வீட்டிலேயே நிற்கவைத்துவிட்டேன்.

"அப்படியானால் திருமண உடையின்றி வந்தவனை விருந்திலிருந்து வெளியேற்றியது ஏன்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்த விருந்துக்கு வழியோரங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டிலே எந்தப் பட்டு இருந்திருக்கும்? அங்கே கேட்கப்பட்டது துணியன்று, மனமாற்றம். இரக்கத்தையும் தாழ்ச்சியையும் பொறுமையையும் உடுத்திக்கொள்ளும்படி சின்னப்பர் கொலோசையருக்கு எழுதுகிறார். ஞானஸ்நானத்தன்று நமக்கு அணிவித்த வெள்ளையாடை இதற்கே அடையாளம். 1544இல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மன்னார் வேதசாட்சிகளை நாம் வணக்கத்தோடு நினைக்கிறோம். அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று எவராவது கேட்கிறோமா?

அடுத்த நாளே அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மறு ஞாயிறு, தைத்த பழைய சாரியோடு அவர் வந்து நற்கருணை வாங்கினார். மகளும் பக்கத்தில் நின்றாள்.

அன்பர்களே, சுத்தமாகவும் அடக்கமாகவும் உடுத்துங்கள், அது போதும். திருநாளுக்குக் கடன்பட்டுப் புடவை எடுக்காதீர்கள். எடுக்க வசதி இருந்தால், கடல் தராத மாதத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று, வெளியே தெரியாமல் எடுத்துக் கொடுங்கள். உங்கள் தெருவில் சில வாரமாகப் பூசைக்கு வராதவர் இருந்தால், "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "வாருங்கள், சேர்ந்து போவோம்" என்று கூப்பிடுங்கள்.

இருளில் மலரும் பூவையும் உடுத்துகிற இறைவன், நம்மைத் தம் இரக்கத்தால் உடுத்துவாராக.