தற்காப்புரிமையும் பின்வாங்கும் கடமையும்

முன்னுரை

தாக்க வருபவரை எதிர்த்துத் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. தீங்கின்றி விலகிச் செல்ல வழியிருந்தும் எதிர்நின்று உயிரைப் பறிப்பது அறமாகுமா என்னுமிடத்தில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. இவ்வினாவை இந்தியச் சட்டத்தின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் நிலை

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா அவற்றைப் பெரும் மாற்றமின்றி 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் ஏற்றுள்ளது. இவற்றுள் எதுவும் பின்வாங்குமாறு வெளிப்படையாகப் பணிக்கவில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1837இல் வரைவை அளித்த மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம், தற்காப்புரிமைக்குக் கட்டுப்பாடுகளைப் பெருக்குவதினும் மக்களிடையே ஆண்மையுணர்வை எழுப்புவதையே விரும்பியது. ஆளப்படுவோர் துணிவற்றவர் என்னும் ஆள்வோரின் எண்ணம் இவ்விருப்பத்துள் மறைந்து கிடக்கிறது. விடுதலை பெற்ற நாட்டின் உச்ச நீதிமன்றமும், பஞ்சாபிலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் 2010இல் தற்காப்புரிமையின் நெறிகளைத் தொகுத்துரைத்தபோது, தாக்கப்படுபவர் கோழையைப்போல் நடந்துகொள்ளச் சட்டம் வேண்டுவதில்லை என்றது.

எனினும் இவ்வுரிமை வரம்பற்றதன்று. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாடக் காலமிருப்பின் உரிமை எழாது. காத்துக்கொள்ளத் தேவையான அளவினும் மிகுந்த தீங்கு செய்தலும் கூடாது. பழைய 99ஆம் பிரிவிலும் இன்றைய 37ஆம் பிரிவிலும் உள்ள இவ்விரு வரம்புகளிலும் பின்வாங்கும் கடமையின் சாயல் புலப்படுகிறது.

நாணமும் அறமும்

பின்வாங்குதலை இழிவெனக் கருதும் மனநிலை தமிழ் மரபில் புறப்புண் நாணமாக வெளிப்படுகிறது. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அதற்கு நாணி வடக்கிருந்ததைப் புறநானூறு காட்டுகிறது. ஆனால் அது இருபடைகளும் அறிந்து மேற்கொண்ட போரின் அறம். தெருவில் எழும் பூசலுக்கு அதனை அளவுகோலாக்குதல் பொருந்தாது. அங்கு விலகிச் செல்பவர் இழப்பது பெருமையை மட்டுமே. நின்று கொல்பவரோ மீட்கவியலாத ஓர் உயிரை அழிக்கிறார்.

ஆயின் விலகிச் செல்ல எல்லார்க்கும் இடமுண்டா என்பதும் எண்ணத்தக்கது. சொந்த வீட்டிலேயே தாக்கப்படும் பெண்ணுக்குப் புகலிடம் வேறில்லை. ஊர்ப் பொதுவழியில் நடந்தமைக்காகத் தாக்கப்படுபவர் பின்வாங்கினால், அவ்வழியில் தமக்குள்ள உரிமையையே விட்டுக்கொடுத்தவராகிறார். ஒதுங்கிப் போதல் காலங்காலமாக எளியவர்மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளது. பின்வாங்குதலைப் பொதுக்கடமையாக்கினால் அச்சுமைக்குச் சட்டமும் துணைபோனதாகும்.

முடிவுரை

ஆதலின் பின்வாங்குதலை அனைவர்க்கும் உரிய சட்டக் கடமையாக்காமை தகும். அதனால் அது அறக் கடமையும் அன்று என்றாகிவிடாது. தமக்கோ பிறர்க்கோ கேடின்றியும், உரிமையை இழக்காமலும் விலகக்கூடியவர், வெறும் மானம் கருதி நின்று கொன்றால், சட்டம் அவரை விடுவிப்பினும் அச்செயலின் தேவையை அவர் மனச்சான்றுக்கு மெய்ப்பிக்க வேண்டியவராகவே இருக்கிறார். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணுவதினும், தவிர்த்திருக்கக்கூடிய கொலைக்கு நாணுவதே அறத்திற்கு நெருக்கமானது.