தச்சனின் பெட்டி

ஆபத்தில் சிக்கித் தப்பிப் பிழைக்கும் கதைகளை எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கப்பல் உடையும் இடத்தை மளமளவென்று தாண்டிவிடுவார்கள். புலி பாய்ந்தால்கூட ஒரு பக்கத்துக்குமேல் நிற்க மாட்டார்கள். கரை ஒதுங்கியவன், கையில் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் இடம் வந்ததும் வேகம் குறைந்துவிடும். ஒரு கத்தி, கொஞ்சம் கயிறு, நனையாத தீப்பெட்டி, இத்தனை பிஸ்கட். விரல் வைத்துப் படிப்பார்கள். "கயிறு இருக்குல்ல, அத அந்த மரத்துல கட்டிட்டா?" என்று எழுதியவரை முந்திக்கொண்டு யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் புத்தகம் கொடுத்து வாங்குகிறவள் நான். வாண்டுமாமாவும் பழைய கோகுலம் தொகுப்புகளும் கிழிந்த லயன் காமிக்ஸும் என் அலமாரியில் உண்டு. அதிகம் கைமாறுவது தப்பிப் பிழைக்கும் கதைகள்தான். சில பெற்றோருக்கு இதில் சந்தோஷம்; பிள்ளைக்குத் தைரியம் வருமாம். சிலருக்குக் கவலை, ராத்திரி பயந்துக்குமாம். இரண்டு பேரும் பிள்ளையின் மனதை விட்டு வேறெங்கோ பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்து வயதுப் பிள்ளை வீட்டில் எதைத் தொட்டாலும் "நீ போய்ப் படி, நான் பாத்துக்கிறேன்" என்ற பதில்தான் கிடைக்கிறது. அடுப்பு ஆபத்து, அரிவாள்மனை ஆபத்து, தனியாகக் கடைக்குப் போவது ஆபத்து. அந்தக் கதைகளில் மட்டும்தான் ஒரு பிள்ளை விறகு பொறுக்கவில்லை என்றால் ராத்திரி குளிரும். அவள் செய்யும் வேலை கணக்கில் வருகிறது. அந்த மரியாதைக்காகத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்.

சரி, அந்த வேலையைச் செய்ய அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்தக் கேள்வி என்னைப் பல காலமாக விடுவதில்லை.

ராபின்சன் குரூசோ 1719-இல் வந்தது. யாருமில்லாத தீவில் ஒற்றை மனிதன் தன் சாமர்த்தியத்தால் பிழைத்தான் என்றே நாமெல்லாம் சொல்லி வளர்ந்தோம். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உடைந்த கப்பலுக்குத் திரும்பத் திரும்பப் போய் அவன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறான். உணவு, துப்பாக்கி, துணி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தச்சனின் பெட்டி. அந்தப் பெட்டி கிடைத்ததற்கு அவன் படும் ஆனந்தம் தங்கம் கிடைத்தால்கூட வந்திருக்காது. யாரோ ஒரு தச்சன் உளியும் ரம்பமும் சேர்த்துவைத்திருந்தான். அவன் செத்துப்போனான், இவன் வேலி கட்டினான். இதோடு இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது: குரூசோ அந்தப் பயணம் புறப்பட்டதே ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமைகளை வாங்கிவரத்தான். தனி மனித வீரம் என்று நாம் கைதட்டும் பல கதைகளின் அடியில் இப்படிப் பலருடைய உழைப்பும் கண்ணீரும் கிடக்கின்றன.

நம் ஊர்ப் பையன் பையும் அப்படித்தான். யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' 2001-இல் வந்தது. பெரியவர்களுக்கான நாவல்தான், ஆனால் 2012-இல் படமாக வந்த பிறகு இங்கே பிள்ளைகளெல்லாம் அவனைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தாவரவியல் பூங்காவைக் கடக்கும்போது "இங்கதான் புலி இருந்துச்சாம்" என்பார்கள். வங்கப் புலியோடு 227 நாள் கடலில் மிதந்தவன் அவன். அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் குடும்ப நண்பர் ஒருவர். புலி என்றால் என்ன என்று மறக்கவே முடியாதபடி காட்டியவர் அவன் அப்பா. பிள்ளைகள் கண்முன்னே ஆட்டைப் புலிக்கூண்டில் விட்ட அப்பா! கொடூரமான பாடம், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் அந்தப் படகில் அவன் தனியாக இல்லை.

கதைகளை விடுவோம். 2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறிய விமானம் விழுந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் இறந்துபோனார்கள், அம்மா உள்பட. நான்கு பிள்ளைகள் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு அவர்கள் காட்டுக்குள் நடந்தார்கள். மாவு தீர்ந்ததும் எந்தக் காய், எந்த விதையைத் தின்னலாம் என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. ஹுய்டோட்டோ பழங்குடிப் பிள்ளைகள் அவர்கள். காட்டைப் படிக்கப் பாட்டியும் வீட்டுப் பெரியவர்களும் பழக்கியிருந்தார்கள். ராணுவமும் பழங்குடித் தன்னார்வலர்களும் சேர்ந்து தேடினார்கள். பாட்டியின் குரலை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்து, ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபெருக்கியில் போட்டார்கள்: தேடுகிறோம், இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று. 40-ஆம் நாள், ஜூன் 9 அன்று, நான்கு பேரும் உயிரோடு கிடைத்தார்கள். கைக்குழந்தையின் முதல் பிறந்தநாள் காட்டுக்குள்ளேயே வந்து போயிருந்தது. அதிசயம் என்று உலகம் எழுதியது. அந்தப் பெண் பாட்டியோடு காட்டுக்குள் போய்வந்த நாட்களை யாராவது எழுதினால் அதைத்தான் நான் முதலில் வாங்குவேன்.

தப்பிப் பிழைப்பது தனியாள் வேலை இல்லை என்பதைத் தமிழில் உள்ளபடி சொன்னவர் எங்கள் லாஸ்பேட்டையிலேயே வாழ்ந்தார். கி. ராஜநாராயணன் இங்குள்ள அரசுக் குடியிருப்பில் வசித்து, இங்கேயேதான் 2021 மே 17-இல் காலமானார். அவருடைய 'கோபல்ல கிராமம்' தப்பிப் பிழைத்தவர்களின் கதை. தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு பெண்ணின் மானம் காக்க ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்த குடும்பம், துரத்துகிறவர்களுக்குத் தப்பி ஆற்றைக் கடந்து, காட்டைக் கொளுத்தித் திருத்தி ஊர் அமைக்கிறது. அதில் ஒற்றைக் கதாநாயகன் கிடையாது. கதையைச் சொல்வதே நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பிள்ளைகளுக்கென்று போட்ட பதிப்பு எதையும் நான் பார்த்ததில்லை, அதனால் நான்தான் அதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்கிறேன். ஆற்றங்கரை மரம் வளைந்துகொடுத்து அவர்களைக் கடக்கவைக்கும் இடத்தில் ஒருவரும் "இது நெசமா?" என்று கேட்டதில்லை.

எங்கள் தெருவிலும் அப்படியொரு பாட்டி இருந்தார். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களைப் புரட்டிப்போட்டது. தெருவெல்லாம் மரம். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி காலி. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தொட்டி நிரப்பிக் காசு வாங்கினார்கள், அதற்கும் வரிசை. எதிர்வீட்டு ஆயா கொல்லைக் கிணற்றின்மேல் போட்டிருந்த கம்பிவலையைத் தூக்கச் சொன்னார். ராட்டினம் துருப்பிடித்துச் சுற்றவில்லை. கயிறு மட்டும் போதும் என்றார். அப்போது என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. வாளியை இறக்கிவிட்டாள், அது தண்ணீர்மேல் மிதந்துகொண்டே இருந்தது. எத்தனை தடவை இழுத்தாலும் காலி வாளிதான். ஆயா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இறுக்கிப் புடிக்காத பாப்பா. கயித்தத் தளர விட்டு ஒரு சுண்டு சுண்டு. வாய் கவுந்துக்கும், தானா மொள்ளும்." சுண்டினாள். வாளி சாய்ந்து 'களக்'கென்று உள்ளே போனது. கயிற்றில் திடீரென்று ஏறிய கனத்தை உணர்ந்ததும் அவள் முகம் மலர்ந்த விதத்தை நான் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் பார்த்ததில்லை. அன்று தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் தண்ணீர் இறைத்தாள். உள்ளங்கை சிவந்துபோனது. அண்ணி மருந்து போட வந்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கிணறு இப்போது இல்லை. மூடி, மேலே அடுக்குமாடி எழுந்துவிட்டது. ஆயாவும் போய்விட்டார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. பக்கத்துக் கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர். நகரில் ராணுவத்தினர் இறங்கி மக்களைப் படகில் மீட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் செல்போனில் சார்ஜ் தீரும்வரை அதைப் பார்த்தார்கள். சார்ஜ் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, பல வீடுகளில் அப்பா அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது.

இத்தனை புயல் பார்த்த கரை இது. 1916 நவம்பர் 22 இரவுப் புயலைப் புதுச்சேரியில் இருந்த பாரதி பாட்டாக்கினான். அந்தப் பாட்டுகளில் ஒன்றுக்கு 'பிழைத்த தென்னந்தோப்பு' என்று பெயர். 2004 சுனாமியும் நம் வாசலுக்கு வந்தது. ஆனாலும் என் அலமாரியில் இருக்கும் பிழைத்த கதைகளில் பெரும்பாலானவை எங்கோ ஒரு தீவிலும் பனிமலையிலும்தான் நடக்கின்றன. பிள்ளைகள் பனியில் குகை தோண்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், அறுந்து கிடக்கும் மின்கம்பியிலிருந்து எப்படி விலகி நிற்பது, நடக்க முடியாத தாத்தாவை மாடிக்கு எப்படி ஏற்றுவது என்று அவர்களுக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை.

எழுதுகிற நண்பர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். கிருஷ்ணா நகரில் ஒரு மாடிவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு வயதுப் பெண், அவள் தம்பி, படுக்கையில் இருக்கும் ஆயா. அப்பா அம்மா திரும்பிவர வழியில்லை. பெண்ணைப் பெரிய வீராங்கனை ஆக்கிவிடாதீர்கள். ஆயாவை முதல் அத்தியாயத்திலேயே சாகடிக்காதீர்கள். அவருக்குக் கால் வராது, ஆனால் வாய் இருக்கிறது. எந்தப் பாத்திரத்தை எங்கே வைத்து மழைநீர் பிடிப்பது, அரிசியை எங்கே ஏற்றுவது என்று அவர் சொல்லட்டும், அவள் எதிர்த்துப் பேசட்டும், பிறகு செய்யட்டும். எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். என் தெருவில் அதற்கு ஆள் காத்திருக்கிறது.