ஆற்றிடை ஓரிரவும் அடைக்கலப் பொருளும்

இறைவன்பால் அடைக்கலம் புகுந்த ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியைக் கைவிடுதல் தகுமோ என்பது பண்டுதொட்டு வினவப்பட்டு வரும் வினாவாகும். அதற்கு ஆன்றோர் பலர் விடை பகர்ந்துள்ளனர். ஆயின், அவ்வினாவினுள்ளே மற்றொரு வினா மறைந்து கிடக்கின்றது. தன்னுயிரை இறைவன்பால் ஒப்புவித்தவன், தன்னை நம்பி உடன்வந்த பிறருயிரையும் அவ்வாறே ஒப்புவித்தற்கு உரிமையுடையனோ? இதனை யான் ஏட்டிற் பயின்றேனல்லேன்; கொள்ளிடக்கரையில் ஓர் ஓடக்காரர்பால் பயின்றேன். அதனையே ஈண்டு அன்பர்கட்கு உரைக்கப் புகுந்தேன்.

சில ஆண்டுகட்கு முன் ஓர் ஆவணித் திங்களில், சென்னையில் வாழும் என் மகன் தன் மனைவியோடும் மக்கள் இருவரோடும் அரியலூர்க்கு வந்திருந்தான். பேரப்பிள்ளைகள் ஆற்றினைப் பாலத்தின்மேல் வண்டியிற் செல்லுங்கால் கண்டனரேயன்றி, அதன் மணலில் ஒருநாளேனும் கால் புதைய நடந்தறியார். ஆதலின், திருமழபாடி சென்று வழிபட்டு, மாலையில் ஓடமேறி, ஆற்றின் நடுவேயுள்ள மணல்திட்டில் இறங்கி, கட்டுச்சோறு உண்டு, நிலவொளியில் அங்கேயே துயின்று, விடியலில் மீள்வதென உறுதி செய்தோம்.

திருமழபாடி கொள்ளிடத்தின் வடகரைத் தலம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாலம்பொழிலில் ஓரிரவு துயிலுங்கால், இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தனையோ என வினவியருள, அவர் உணர்ந்தெழுந்து காவிரியைக் கடந்து வந்து பாடிப் பரவினார் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும் வரலாறு. இதனைப் பிள்ளைகட்குச் சொல்லிக்கொண்டே துறையை அடைந்தேன். இறைவனே வருகவென அழைத்த ஊரின் ஆற்றில் நமக்கு அச்சமேது என்னும் பெருமிதமும் என் உள்ளத்தே இருந்தது.

ஆங்கிருந்த ஓடக்காரர் எம் கருத்தைக் கேட்டு, "பகலில் எவ்வளவு நேரமாயினும் அழைத்துப் போகிறேன். இரவில் திட்டில் தங்குவதற்கு ஓடம் விடமாட்டேன். மேலே தண்ணீர் மிகுதியாகத் திறந்திருப்பதாகக் கேள்வி" என்றார். என் மகன் வானத்தைச் சுட்டி, ஒரு மேகமும் இல்லையே என்றான். யானோ, "அப்பா, மழபாடிப் பெருமான் பார்த்துக்கொள்வான், நீ ஓடத்தை அவிழ்" என்றேன். அவர் என்னை நோக்கி, "உங்களைப் பார்த்துக்கொள்வார், ஐயா. நீங்கள் எல்லாம் அறிந்து சொல்கிறீர்கள். இந்தக் குழந்தைகளைக் கேட்டீர்களா?" என்றார். அதற்கு மறுமொழி கூறமாட்டாது நின்றேன். அன்றிரவு கரைமேலிருந்த தோப்பிலேயே தங்கினோம்.

விடிந்தபின் நோக்கினேம். நீர் ஒரு விரற்கடையும் ஏறவில்லை. திட்டு முன்னாட்போலவே உலர்ந்து வெண்மையாய்க் கிடந்தது. மகன் நகைத்து, "அங்கேயே படுத்திருக்கலாம், அப்பா" என்றான்.

ஓடக்காரர் சொல் பொய்த்ததோ? வெள்ளம் வாராமையின் அவர் தடுத்தது பிழையாமோ? இவ்விடத்து நின்று ஆராய்தல் வேண்டும்.

கொள்ளிடம் பிற ஆறுகளைப் போல்வதன்று. முக்கொம்பில் காவிரியினின்று பிரிந்து, காவிரி தாங்கமாட்டாத வெள்ளத்தைத் தான் ஏற்றுக் கடலிற் சேர்க்கும் வடிகாலே அது. ஆண்டின் பெரும்பகுதி அகன்ற மணற்பரப்பாய்க் கிடக்கும். குடகு மலையிலும் வயநாட்டிலும் மழை பெய்து, மேட்டூர் அணை தன் 120 அடியும் நிரம்பியபின், மிகுநீர் இவ்வழியே வரும். ஆகவே, அரியலூர் வானம் தெளிந்திருக்கும் நாளிலும் ஆற்றில் வெள்ளம் பெருகுதல் கூடும். வானத்தை மட்டும் பார்ப்பவன் இவ்வாற்றை அறியான்.

நேற்றுவரை நின்றதாதலின் இன்றும் நிற்கும் எனலும் உறுதியன்று. 1836-ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்று ஏறக்குறைய 180 ஆண்டு நின்ற முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவில் 9 மதகுகள் உடைந்து வெள்ளத்தோடு போயின. அதற்கு முன்னை இரவு அவ்வணையை நோக்கியவர், அது நாளையும் நிற்கும் என்றே துணிந்திருப்பர்.

இதனால் அறியக் கிடப்பது யாது? ஒரு செயலின் தகுதி, அது முடிந்தபின் விளைந்த நன்மை தீமையால் மட்டும் அளக்கப்படுவதன்று. செய்யுங்காலத்து ஒருவன் அறிந்ததும், அறிய வேண்டி அறியாது விட்டதும் நோக்கியே அளக்கப்படும். பிறர் பொருளைச் சூதிற் பணயம் வைத்து வென்றவன், வென்றமையால் நல்லவனாகான். அவன் வைத்த அப்போதே பிழைத்தான். யாம் அன்றிரவு திட்டில் துயின்று நலமே மீண்டிருப்பினும், யான் செய்தது அத்தகைய பணயமே ஆகியிருக்கும்.

அரியலூர்க்கு அண்மையில் ஓடும் மருதையாறும் இதற்கொரு சான்று. பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர் நாட்டு வழியே வரும் இக்காட்டாறு, மழையில்லாக் காலத்து மணல் வழியே. 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையாற் பெருகிய அதன் வெள்ளத்திற் பாலம் சிதைய, சென்னையினின்று தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அக்காலத்து இருப்புப்பாதை அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார் அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அவர் பாலத்தைக் கட்டியவரல்லர், வண்டியை ஓட்டியவருமல்லர். ஆயினும், துயிலும் பயணிகள் உயிர் தம்பால் வைக்கப்பட்டதென உணர்ந்தார். ஊழ் எனக் கூறி அமைந்திருத்தல் அவர்க்கு எளிதன்றோ? அதனை அவர் செய்திலர்.

அற்றேல், திருஞானசம்பந்தர் திருக்கொள்ளம்பூதூரில் ஓடக்காரர் விட்டு நீங்கிய ஓடத்தில் அடியாரையும் ஏற்றிப் பெருவெள்ளத்திற் செலுத்தியது என்னை எனின், கூறுதும். அவர் தம் பெருமையைத் தேர்ந்து காண ஏறினாரல்லர்; 'யான்' என்பது அற்று அருளே தாமாய் நின்றார். உடனேறிய அடியாரும் அறிந்து ஏறியவரே. இனி, சுந்தரர் சேரமான் பெருமாளோடு திருவையாற்றின் எதிர்க்கரையில் நின்றபோது, வழி வேண்டிப் பாடினார். காவிரி விலகி வழி காட்டியபின்னரே இறங்கினார். வெள்ளத்திற் குதித்துவிட்டு, காத்தல் உன் கடன் என்றாரல்லர். இவ்வரலாறுகள் அருளின் ஆற்றலை உணர்த்த வந்தன. ஓடக்காரர் சொல்லைத் தள்ளுதற்கு நமக்கு விதியாக வந்தனவல்ல.

உயிர் சிற்றறிவுடையது என்பது நம் சித்தாந்தத் துணிபு. அச்சிற்றறிவு விளங்குதற்கென்றே இறைவன் உடலும் கருவியும் உலகும் தந்தான். கண்ணும் செவியும், ஆற்றில் ஐம்பதாண்டு பழகிய ஒருவர் சொல்லும் அத்தந்தவற்றுள் அடங்கும். அவற்றைப் புறக்கணித்துவிட்டு அருளை நம்பினேன் என்றல், கொடுத்த கையைத் தட்டிவிட்டுக் கொடை வேண்டுதலை ஒக்கும். அன்று என் சொல்லில் விளங்கியது பத்தியன்று. பத்திபோல் உடுத்து வந்த 'யான், எனது' என்னும் செருக்கே. பிள்ளைகள் 'எனது' என எண்ணியதனாலன்றோ அவருயிரை யானே ஒப்புவிக்கத் துணிந்தேன்?

அடைக்கலம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒருவன் தன்னைக் காக்குமாறு புகுவது அடைக்கலம். ஒருவன்பால் காக்குமாறு வைக்கப்பட்ட பொருளும் அடைக்கலம். நம் உயிரை முன்னைப் பொருளில் இறைவன்பால் வைக்கின்றோம். மனைவி மக்களையும் மாணாக்கரையும் பின்னைப் பொருளில் அவன் நம்பால் வைத்திருக்கின்றான். முன்னதற்கு அன்பு வேண்டும். பின்னதற்கு அன்போடு விழிப்பும் வேண்டும். அடைக்கலப் பொருளைக் காவாதவன், உடையவனை நம்பினேன் எனக் கூறித் தப்பவியலாது என்க.

அன்று காலை அவ்வோடக்காரரே எம்மைத் திட்டுக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகள் நண்பகல்வரை மணலில் ஆடினர். ஓடத்தில் ஏறுங்கால் அவர் விரல் நீட்டி ஐவர் என எண்ணினார். கரையில் இறங்குங்காலும், எம்முள் ஒருவரும் கேளாமலே, மீண்டும் ஒருமுறை எண்ணினார்.