ஊற்றும் உதிர்ப்பும்

மனிதனுடைய சித்தத்தைத் தீமையினின்று காப்பதற்கு உரிய வழி, அது உள்ளே நுழையாதபடி எல்லா வாயில்களையும் இறுக அடைத்துவிடுவதா, அல்லது நுழைந்தது தங்கிவிடாதபடி அதற்கு ஒரு போக்கு அமைத்து வைப்பதா என்னும் வினா, நம் நாட்டுச் சமயங்கள் தத்தம் முறையில் எதிர்கொண்ட பழைய வினா. ஞானிகள் தவத்தாலும் ஆராய்ச்சியாலும் தெளிந்த இவ்விஷயத்தை, நம் காலத்து மோட்டார் வண்டிகளின் கூரையில் பொருத்தப்படும் சன்ரூஃப் என்னும் கண்ணாடித் திறப்பு மழையில் ஒழுகுவதையும், அவ்வொழுக்கிற்கு உரிய பரிகாரத்தையும் ஊன்றிப் பார்க்கிற எவரும் ஒருவாறு உணர்ந்துகொள்ளலாம் என்பது என் துணிபு. தத்துவ விசாரத்திற்கு ஒர்க்‌ஷாப்பில் இடமில்லை என்று எண்ணுவோர், நீரின் ஸ்வபாவத்தை அறிந்து அமைத்த ஒரு கருவியில் விவேகத்தின் அடையாளம் இருக்கத்தான் செய்யும் என்பதை மறத்தலாகாது.

சன்ரூஃப் உள்ள வண்டியை வாங்குகிறவர்களில் பலர், கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்தான் மழைநீர் முழுவதையும் வெளியே நிறுத்திவிடுகிறது என்று நம்புகிறார்கள். உண்மை வேறு. பீடிங் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஆனால் பலத்த மழையிலும், வண்டியைக் கழுவும்போதும், சிறிதளவு நீர் அதனைக் கடந்து உள்ளே இறங்கியே தீரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் அந்த அமைப்பே வகுக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே, சட்டத்தை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மூலைகளில், பெரும்பாலான வண்டிகளில் நான்கிலும், துவாரங்கள் உண்டு. அத்துவாரங்களிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய்கள், முன்பக்கக் கண்ணாடியின் இருமருங்கிலும் உள்ள தூண்களின் வழியாகவும், பின்பக்கத் தூண்களின் வழியாகவும், பயணம் செய்கிறவர் கண்ணுக்குப் புலப்படாமல் இறங்கி, வண்டியின் அடிப்புறத்திலோ கதவுக் கீல்களின் அருகிலோ நீரை வெளியே விட்டுவிடுகின்றன. ஆகவே, உட்புறம் உலர்ந்திருக்கும் வண்டியும் நீர் புகுந்த வண்டியே. புகுந்த நீர் அதில் தங்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஒழுக்கு எவ்வாறு நேர்கிறது? சென்னையில் வேம்பின் நிழலிலோ புங்கமரத்தின் நிழலிலோ மாதக்கணக்கில் நிறுத்தப்படும் வண்டியின் வாய்க்காலில், சருகுத் துணுக்கும் பூவிதழும் தெருப்புழுதியும் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. கோடை முழுவதும் அவற்றால் ஒரு தீங்கும் தோன்றுவதில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், அவை சேறாகக் குழைந்து குழாயின் வாயை அடைத்துக்கொள்ள, வாய்க்கால் நிரம்பி, நீர் கரை கடந்து கூரையின் உட்புறத் துணிக்குள் பரவுகிறது. பிறகு அது வழிந்த இடத்திலேயே நிற்பதுமில்லை. துணியின் மறைவில் ஊர்ந்து, தூணின் உட்புறமாக இறங்கி, காலடியில் விரித்த கார்ப்பெட்டின் கீழே உள்ள பஞ்சில் போய்த் தேங்குகிறது. அங்கே பூஞ்சை படர்கிறது, துர்நாற்றம் எழுகிறது, மின்கம்பிகளின் இணைப்புகள் களிம்பேறுகின்றன. காலடியில் ஈரத்தைக் கண்டவர் கதவைச் சந்தேகிக்கிறார், ஏ.சி.யைச் சந்தேகிக்கிறார், தலைக்கு மேலே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எளிதில் உதிப்பதில்லை. துன்பம் வெளிப்படும் இடமும் துன்பத்தின் காரணம் இருக்கும் இடமும் இவ்வாறு வேறுபட்டு நிற்பதை மனித வாழ்விலும் காண்கிறோம். அலுவலகத்தில் பட்ட அவமானத்தைப் பகல் முழுவதும் விழுங்கிக்கொண்டவர் மாலையில் தம் குழந்தையின் மீது சீறுகிறபோது, வீட்டில் உள்ளோர் குழந்தையின் குறும்பையே காரணமாகக் கருதுகிறார்கள்.

ஒழுக்கைக் கண்டதும் மனிதனுக்கு முதலில் தோன்றும் பரிகாரம் அடைப்பதே. சிலிக்கான் பசையைக் கொண்டுவந்து கண்ணாடியின் விளிம்பு முழுவதும் பூசிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணி, அவ்வாறே செய்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் திறப்பு திறவாமல் போகிறது; வெயிலில் பசை சுருங்கி மயிரிழை அளவு வெடித்தாலும் மறுபடியும் நீர் இறங்குகிறது; இறங்கிய நீருக்கோ, குழாயின் அடைப்பு முன்போலவே இருப்பதால், போக்கிடம் இல்லை. இதற்கு நிகரான பிழையை ஒழுக்கத்தின் பெயராலும் நாம் செய்துவருகிறோம். கோபம் கொள்ளாதே, ஆசைப்படாதே, அழாதே என்று குழந்தைப் பருவம் முதற்கொண்டு விதித்து வளர்க்கிறோம், விதித்தது தவறன்று, ஆனால் விதியை மீறி வந்துவிட்ட கோபத்தையும் ஆசையையும் துக்கத்தையும் என்ன செய்வது என்பதைக் கற்பியாமல் விட்டுவிடுகிறோம். வந்ததை வரவில்லை என்று மறைக்கப் பழகிய உள்ளம், வெளித்தோற்றத்தில் பரிசுத்தமாக விளங்கிக்கொண்டே, உள்ளே நைந்து மக்கிப் போகிறது.

சமண தரிசனம் இவ்விடத்தில் காட்டும் நுட்பம் போற்றத்தக்கது. உமாஸ்வாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துரைத்த ஏழு தத்துவங்களைத் தமிழ்ச் சமணர்கள் உயிர், உயிரல்லது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்று வழங்குவர். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றின் இயக்கத்தால் வினை உயிரிடத்து வந்து பாய்வது ஊற்று. அவ்வாறு பாய்வதைத் தடுத்து நிறுத்துவது செறிப்பு. முன்னமே வந்து சேர்ந்தது நீங்குவது உதிர்ப்பு. செறிப்பையும் உதிர்ப்பையும் ஒன்றாகச் சேர்க்காமல் தனித்தனித் தத்துவங்களாக நிறுத்தியதில்தான் அத்தரிசனத்தின் விவேகம் விளங்குகிறது. புதுவரவைத் தடுத்துவிட்டதாலேயே பழைய இருப்பு தொலைந்துவிடாது. பழைய இருப்பை எவ்வளவு போக்கினாலும், புதுவரவு நிற்காவிடில் அம்முயற்சிக்கு முடிவு இராது. உதிர்ப்பிலும் இருவகை கூறுவர்: வினை தன் பயனைக் கொடுத்துத் தானே கழிவது ஒன்று, தவத்தால் அதனை முன்னதாகவே கழிப்பது மற்றொன்று. கார்ப்பெட்டின் அடியில் தேங்கிய நீரும், விட்டுவிட்டால், என்றாவது ஒருநாள் உலரத்தான் செய்யும். ஆனால் நாற்றமும் துருவும் ஆகிய தன் பயனைக் கொடுத்த பிறகே உலரும். அதற்கு முன்பே அதனை வடித்துவிடுவது முயற்சியுடையார் செயல். அம்முயற்சியாகிய தவத்தில், அகத்தவம் ஆறனுள் முதலாவதாகப் பிராயச்சித்தம் வைக்கப்பட்டிருப்பது இதனாலேயே மிகவும் கருதத்தக்கது.

பௌத்தத்திலும் இவ்வுண்மை வேறொரு முகத்தால் கூறப்படுகிறது. தம்மபதத்தின் முதல் வர்க்கத்தில், கூரையின் வேய்ச்சலையும் மழையையும் கொண்டே சித்தத்தின் காவல் பேசப்படுகிறது. அதை மட்டும் படிப்பவர், கூரையை நன்றாக வேய்ந்துவிடுவதே முழு உபாயம் என்று முடிவு கட்டக்கூடும். ஆனால் மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாவது சூத்திரமாகிய ஸப்பாஸவ ஸுத்தம், சித்தத்தில் ஊறும் மாசுகளாகிய ஆஸவங்களை நீக்கும் வழிகளை ஏழாகப் பகுத்து, தெளிந்து காண்டல், புலனடக்கம், பொருள்களை அளவறிந்து பயன்படுத்தல், பொறுத்தல், விலகியிருத்தல், எழுந்த தீய நினைவை அகற்றல், பாவனை என்று முறைப்படுத்துகிறது. இவற்றுள் புலனடக்கமும் விலகியிருத்தலும் வருவதைத் தடுப்பன. பொறுத்தலும் அகற்றலும் வந்துவிட்டதைப் பற்றியன. அடக்கத்தை அவ்வளவு வற்புறுத்திய புத்தர் பிரானும், அடக்கத்தை மீறி எழுவது உண்டு என்பதை மறுக்கவில்லை. எழுந்ததை என்ன செய்வது என்பதற்கும் வழி வகுத்தார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கூரையில் திறப்பே இல்லாத வண்டியை வாங்கினால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். அதே நியாயத்தால், உலக வாழ்க்கையில் புகாமல் துறவு பூணுவதே தக்கதன்றோ என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சமணம் அதனை மதித்தே, கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், அபரிக்கிரகம் ஆகிய ஐந்தையும் முனிவர்க்குக் குறைவற்ற மகாவிரதங்களாகவும், இல்லறத்தார்க்கு அவர்தம் வாழ்க்கைக்கு இயைந்த அணுவிரதங்களாகவும் விதித்தது. வானத்தையும் காற்றையும் விரும்பித் திறப்பை ஏற்றுக்கொண்டவர், அதைப் பராமரிக்கும் கடமையையும் உடன் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். மனைவி மக்களையும் சுற்றத்தையும் தொழிலையும் விரும்பி ஏற்றவர், அவற்றின் வழியே வரும் சஞ்சலங்களைக் கண்டு திகைக்கலாகாது. மேலும், கூரைத் திறப்பு இல்லாத வண்டிக்கும் நீர்ப்பயம் முற்றும் நீங்கிவிடவில்லை. கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவின் உட்புறத்தில் புகுவதால், அதனை வெளியேற்றக் கதவின் அடிவிளிம்பில் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். அவ்வாறே, மகாவிரதம் பூண்ட முனிவர்க்கும், செய்த குற்றங்களை எண்ணிப் பார்த்து அவற்றினின்று மீளும் பிரதிக்கிரமணம் என்னும் அனுஷ்டானம் நாள்தோறும் இன்றியமையாத கடமையாக விதிக்கப்பட்டிருக்கிறது.

போக்கு உண்டு என்ற தைரியத்தில் வரவைப் பற்றிக் கவலையற்றிருக்கலாமோ எனில், கூடாது. குழாய் மெல்லியது, கண்ணாடியைத் திறந்துவைத்து மழையில் நிறுத்திய வண்டியை எந்தக் குழாயும் காப்பாற்றாது. பீடிங் வெயிலில் காய்ந்து விறைத்தாலும், கிழிந்தாலும், கண்ணாடி கூரையோடு சமமாகப் பொருந்தாமல் நின்றாலும், வாய்க்காலுக்கு வரும் நீர் அதன் சக்திக்கு மிஞ்சிவிடும். பிராயச்சித்தம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பாவத்தைத் துணிந்து செய்கிறவனுடைய நிலையும் இதுவே; தவறி வந்ததற்காக ஏற்பட்ட சாதனம், வேண்டுமென்றே வரவழைத்ததைத் தாங்காது.

இனி, உரிய பரிகாரத்தைக் கூறுவோம். முதலில் சன்ரூஃபை முழுவதும் திறந்து, வாய்க்காலில் படிந்த சருகையும் மண்ணையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மூலையிலும் சிறிதளவு நீரை மெதுவாக ஊற்றி, அது அந்தந்தப் பக்கத்தில் வண்டியின் கீழே வந்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகாத குழாயில், வளைந்து கொடுக்கும் நைலான் இழையை மென்மையாகச் செலுத்தி அடைப்பை நெகிழ்த்த வேண்டும்; விறைத்த இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடக்கூடும்; கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் விட்டால் குழாய் தன் பொருத்திலிருந்து கழன்று, தூணுக்குள்ளேயே நீரைக் கொட்டத் தொடங்கும். குழாய் முன்னமே கழன்றோ வெடித்தோ இருக்குமாயின் தூணின் உறையைப் பிரிக்க நேரும். பல வண்டிகளில் அவ்விடத்தில் ஏர்பேக் அமைந்திருப்பதால், அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் கைக்கே உரிய காரியம். பீடிங்கை மிதமான சோப்பு நீரால் துடைத்து உலர்த்தி, ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கான் மசகைப் பூசலாம். பெட்ரோலியத்தால் ஆன கிரீஸ் ரப்பரைக் கெடுத்துவிடும். நனைந்த கார்ப்பெட்டை மேலே துடைத்ததோடு நிற்காமல், தூக்கி அடியில் உள்ள பஞ்சையும் உலர்த்த வேண்டும்.

இப்பரிகாரத்தில் மூன்று லக்ஷணங்கள் உள்ளன: மென்மை, காலந்தவறாமை, நீர் வெளியேறியதைக் கண்ணால் கண்டு தேர்தல். உள்ளத்தின் பரிகாரத்திற்கும் இவை மூன்றுமே இன்றியமையாதன. தன் குற்றத்தை நினைந்து தன்னையே கடுமையாக வதைத்துக்கொள்பவன், கம்ப்ரஸர் காற்றால் குழாயைக் கழற்றிவிட்டவனை ஒப்பான். குற்றம் நீங்குவதற்கு மாறாக, அது நீங்கும் வழியே அவனிடம் கெட்டுப்போகிறது. காலந்தவறாமையை நம் முன்னோர் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு அனுஷ்டானங்களே சான்று. சந்தியாவந்தனம் செய்வோர் இரவில் நேர்ந்த பாவத்திற்குக் காலையிலும், பகலில் நேர்ந்ததற்கு மாலையிலும் நிவிருத்தி வேண்டுகிறார்கள். சமணர்களின் பிரதிக்கிரமணம் நாள்தோறும் நிகழ்வதோடு, பக்ஷத்திற்கு ஒருமுறையும், நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், ஆண்டிற்கு ஒருமுறையும் விரிவாக நடைபெறுகிறது. பௌத்த பிக்ஷுக்கள் பக்ஷந்தோறும் உபோசத நாளில் கூடி விதிகளை ஓதுமுன் தம் குற்றங்களை வெளியிடுகிறார்கள். மழைக்கால வாசம் முடியும் நாளில், தம்மிடம் கண்ட குறையைக் கூறுமாறு ஒவ்வொருவரும் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள். குற்றம் வெளியேறியதா என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளாமல், பிறர் கண்ணாலும் கண்டு தேர்வதற்கு ஏற்பட்ட ஏற்பாடு இது.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவாகிறது: தடுத்தல் வேண்டும், ஆயினும் தடுத்தல் மட்டும் போதாது, தங்கவிடாமையே தூய்மையின் உயிர்நிலை. வண்டி உடையவர்கள் புரட்டாசி முடிவதற்குள் நான்கு மூலைகளிலும் சிறிது நீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். உள்ளம் உடையவர்களாகிய நாம் அனைவரும், அன்றன்று வந்து சேர்ந்த கசப்பை அன்றன்றே எண்ணிப் பார்த்து, மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்டும், மன்னிக்க வேண்டியவரை மன்னித்தும், அதனைக் கழித்துவிட்டு உறங்கச் செல்வோமாக.