தன் சுமை

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாலைந்து நாள் காடுமேடு நடக்கிறவனிடம் ஒரு மெல்லிய அகங்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. உணவு, தண்ணீர், படுக்கை, மருந்து எல்லாம் என் முதுகில். நான் யாரையும் சார்ந்தவனல்ல என்ற எண்ணம். தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் நசுங்கிப்போய், நாள் முழுதும் பிறர் பணத்தை எண்ணிவிட்டுத் திரும்புகிறவனுக்கு இது சாதாரணக் கவர்ச்சியல்ல. 1862இல் வெளியான 'நடத்தல்' கட்டுரையில் தோரோவும், கடன்களையெல்லாம் தீர்த்துவிட்டவனே நடைக்குத் தகுதியானவன் என்கிற பொருளில் எழுதுகிறார். இந்தத் தன்னிறைவு உண்மையில் ஒரு தார்மீக மதிப்புதானா, அல்லது வசதியுள்ளவன் விடுமுறையில் பூணும் பாவனையா என்பதுதான் என் கேள்வி.

இதற்கான சரித்திரம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே தொடங்கி, பெரும்பாக்கத்துக் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக்கி அளந்த பெருங்காரியத்தின் முதல் கோடு அது. அதற்குப் பயன்பட்ட கோணமானியின் எடை ஏறத்தாழ அரை டன். குன்று குன்றாக, காடு காடாக அதைத் தூக்கிச் சென்றவர்கள் கூலிகள். லாம்ப்டனின் பெயரைப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தத் தோள்களுக்குரிய பெயர்களைச் சொல்வதில்லை. நம் ஜமீன்தார்களும் மடாதிபதிகளும் போன பல்லக்குகளுக்கும் இதே கதைதான். ஆகவே தன் மூட்டையைத் தானே சுமப்பது, காலம் கடந்தாவது செய்யப்படும் ஒரு திருத்தம் என்று வாதிடலாம். நான் அப்படித்தான் வாதிட்டுவந்தேன்.

ஆனால் சுமப்பதே மேன்மை என்று கொண்டால் வேறொரு சங்கடம் வருகிறது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் எத்தனையோ தமிழர்கள், மலைகளையும் காடுகளையும் கடந்து மணிப்பூர், அஸ்ஸாம், வங்காளம் நோக்கி நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். அவர்களும் தம் சுமையைத் தாமேதான் சுமந்தார்கள். அதைத் தன்னிறைவு என்று சொல்ல நமக்கு நா எழாது. அவர்கள் பட்ட சிரமத்தின் சாயலை நான்கு நாள் இரவல் வாங்கிக்கொண்டு, அதற்குப் பெருமையும் கொண்டாடுகிறேன். எந்தக் கணத்திலும் அதை இறக்கிவைக்க எனக்கு முடியும். என் பைக்குள் திரும்பி வருவதற்கான ரயில் டிக்கெட் இருந்தது.

இந்தக் குழப்பம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கீழே இறங்கும் மலைப்பாதையில் ஒருமுறை வந்துகொண்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் பாதையோரத்தில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கி முடிந்ததும், "தம்பி, செத்த தூக்கி விடுங்க" என்றார். என் பையோடு குனிந்தேன், முடியவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூக்க முடிந்தது. மூட்டை என் பையைவிடக் கனம். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறிப் போய்விட்டார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரியமாக அந்தப் பாதையில் அது கருதப்படுவதில்லை போலும்.

தலைச்சுமையைத் தனியாகச் சுமந்துவிடலாம். தனியாகத் தலையில் ஏற்றிக்கொள்வதுதான் கஷ்டம். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், அவரிடம் கேட்க வேண்டும். என் பையின் வார்களும் கொக்கிகளும் இந்தக் கேட்பதிலிருந்து எனக்கு விடுதலை அளித்திருந்தன. எனது சுதந்திரம் என்று நான் எண்ணியிருந்தது ஒரு தையல்காரரின் சாமர்த்தியம்.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒன்றைக் கிடத்திய எளிய அமைப்பு. தோளுயரத்தில் இருப்பதால் தனி வழிப்போக்கன் குனியாமலே சுமையை இறக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமலே போன ஒருத்தியின் பெயரால், முகம் தெரியாத எவனோ இறக்கிவைக்க ஒரு கல். அங்கே தனியாக நிற்கிறவன் தனியானவன் அல்லன். அவன் கேட்பதற்கு முன்பே யாரோ கை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலே மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கருகிக் கிடந்தவர்களை ஊர்க்காரர்கள் மேலே ஏறிப்போய்ப் போர்வைகளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தன் சுமையைத் தானே சுமந்து ஏறியவர்கள் பிறர் தோளில் இறங்கினார்கள். இதை அவர்களுடைய குற்றமாகச் சொல்வது ஈனத்தனம். நம் எல்லோருடைய நிலைமையும் இதுதான். சமவெளியில் அது தெரியாதபடி மூடிக்கிடக்கிறது, மலையில் திறந்துகொள்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு முறைப்படுத்தித் தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்கிறார். பையைச் சுமப்பவன் நாம். பாதையைச் சுமப்பவர் அவர்.

கடன் தீர்ந்ததும் வாடிக்கையாளருக்கு நாங்கள் ஒரு சான்று கொடுப்பதுண்டு. தோரோ கேட்ட சான்று அதுதான். நடைக்கு அது கிடைக்காது என்று இப்போது தோன்றுகிறது. தீர்க்க முடியாத கடனோடுதான் ஒவ்வொருவனும் கிளம்புகிறான். யாருக்குக் கடன் என்பது போகிற வழியில் தெரிய வந்தால் அந்த நடைக்கு அர்த்தம் உண்டு.

இன்னமும் நடக்கிறேன். பையின் எடையை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறேன். வழியில் யாராவது கூப்பிட்டால், அதைக் கழற்றாமலே குனிய முடிய வேண்டும்.